மீரியபெத்தை சொல்லும் பாடம்: மண்சரிவும் நிவாரணமும்



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மலைநாட்டில் மழையைப் பற்றித்தான் பேச்சு. பகலில் மழை என்றால் "இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா" என்பது கவலை. இரவில் மழை என்றால் கவலை வேறு. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு நிற்குமா, விழுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுக்கிற குடும்பங்கள் நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பகுதிகளில் எத்தனையோ உண்டு.

மண்சரிவு ஏன் வருகிறது, வந்த பிறகு உதவி ஏன் நம்மிடம் வந்து சேரச் சுணங்குகிறது, நாம் முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மீரியபெத்தை.

மீரியபெத்தையில் நடந்தது

பதுளை மாவட்டத்தில் ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அருகில் இருக்கிறது மீரியபெத்தை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பல நாட்களாக விட்டு விட்டு மழை. காலை ஏழரை மணி போல மேலே இருந்த மலைச்சரிவு உடைந்து, சேறும் பாறையுமாகக் கீழே இறங்கியது. லயங்கள், கோவில், கடை எல்லாம் சில நிமிடங்களில் மண்ணுக்குள் போய்விட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

அது வேலை நாள். பெரட்டுக்குப் போனவர்களும் பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டில் இருந்த வயதானவர்கள், தாய்மார், கைக்குழந்தைகள் ஆகியோரில் பலர் சிக்கிக்கொண்டார்கள். பாடசாலை விட்டு வந்த சில பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

முதல் நாளில் இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல் என்றார்கள். காணாமற் போனவர்கள் இருநூறு, முந்நூறு என்றும் செய்தி வந்தது. பிறகு பாடசாலை முகாம்களில் பெயர் எடுத்து, வேலைக்கும் வெளியூருக்கும் போயிருந்தவர்களைக் கழித்துப் பார்த்தபோது தொகை குறைந்து, கடைசியில் 37 பேர் என்று நின்றது. அதிலும் பலருடைய உடல் இன்று வரை கிடைக்கவில்லை. இராணுவத்தினர் இயந்திரங்களோடு வந்து தேடினார்கள். ஆனால் மேலே இருந்த மண் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, மழையும் விடவில்லை. தேடுகிறவர்கள் உயிருக்கும் ஆபத்து என்பதால் அடிக்கடி வேலையை நிறுத்த வேண்டி வந்தது.

மலை ஏன் சரிகிறது?

"சாமி கோபம்" என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் மலை சரிவதற்குக் காரணங்கள் உண்டு. காரணம் தெரிந்தால் முன்கூட்டியே விலகலாம்.

மலைச்சரிவில் அடியில் கருங்கல், அதற்கு மேல் உக்கிய கல், அதற்கு மேல் மண் இருக்கிறது. நீடித்த மழையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கல்லின் மேல் வந்து தேங்குகிறது. நனைந்த மண்ணுக்குப் பாரம் கூடுகிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் மண்ணைப் பிடிமானத்தில் இருந்து தூக்கிக் கொடுக்கிறது. ஒரு கட்டத்தில் மண் பிடி விட்டு வழுக்குகிறது. சோப்புப் போட்ட பலகையில் ஈரச் சாக்கு வழுக்குவது போலத்தான்.

மனிதர் செய்கிற சில காரியங்களும் இதை விரைவுபடுத்துகின்றன. கான் வெட்டாமல் விட்டால் தண்ணீர் ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கும். ரோட்டுக்கும் வீட்டுக்கும் மலை அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் இல்லாமற் போகும். பெரிய மரங்களை வெட்டினால் வேர்ப்பிடிப்பு போகும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் கான் வெட்டும் ஆட்களும் கான் கணக்கும் தனியே இருந்தது சும்மா அல்ல.

இன்னொன்றும் உண்டு. முன்பு எப்போதோ சரிந்து வந்து படிந்த மண் மேல் தேயிலை நன்றாக வளரும், ஆனால் அந்த மண் மறுபடியும் சரியக்கூடியது. மீரியபெத்தையும் அப்படிப்பட்ட பழைய சரிவு மண் நிறைந்த இடம்தான். நம் லயங்களில் பெரும்பாலானவை நூறு வருடத்துக்கு முந்தியவை. தேயிலை நடக்கூடிய நல்ல நிலத்தைத் தேயிலைக்கு விட்டுவிட்டு, மிச்சம் கிடந்த பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் மேட்டின் அடியிலும் லயம் கட்டியது பல தோட்டங்களில் நடந்தது. அன்று அங்கே குடிவைக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்றும் அதே காம்பிராவில் இருக்கிறார்கள்.

தெரிந்திருந்தும் ஏன் விலகவில்லை?

மீரியபெத்தை ஆபத்தான இடம் என்பது முன்பே தெரியாத விடயம் அல்ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அங்கே ஆபத்து இருக்கிறது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று அறிவித்திருந்தது. அனர்த்தம் நடந்த பிறகு அதிகாரிகள் "நாங்கள் சொன்னோம், இவர்கள் போகவில்லை" என்றார்கள். மக்கள் "எங்கே போகச் சொன்னீங்க? ஒரு துண்டு காணி காட்டினீங்களா?" என்று கேட்டார்கள்.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு விடயத்தை யோசிக்க வேண்டும். கிராமத்தில் இருக்கிறவருக்கு வீடு வேறு, வேலை வேறு. தோட்டத்தில் அப்படி இல்லை. வேலை செய்கிற தோட்டத்தில்தான் காம்பிரா. காம்பிராவை விட்டால் பிள்ளையின் பாடசாலை தூரம், பிள்ளை மடுவம் இல்லை, பீலித் தண்ணீர் இல்லை, காலைப் பெரட்டுக்கு நேரத்துக்கு வர முடியாது. மாடு, மரக்கறித் தோட்டம் எல்லாவற்றையும் விட வேண்டும். "ஆபத்து, போங்கள்" என்று சொல்லும் கடிதத்தோடு "இங்கே போங்கள்" என்று சொல்லும் இடமும் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கடிதம் ஒபிஸ் பெட்டியிலேயே கிடக்கும். மீரியபெத்தையில் நடந்தது அதுதான்.

நிவாரணம் எங்கே சிக்குகிறது?

சாப்பாட்டுப் பார்சல், பாய், துணிமணி என்றால் நம் நாட்டு மக்கள் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. மீரியபெத்தைக்கும் லொறி லொறியாக வந்தது. சிக்கல் வருவது அதற்குப் பிறகுதான்.

முதலாவது, ஆள் கணக்கு. யார் எந்தக் காம்பிராவில் இருந்தார் என்ற பதிவு மண்ணோடு போய்விட்டால், யார் காணாமற் போனார் என்று சொல்ல ஆள் இல்லை. தோட்ட ஒபிஸில் செக்ரோல் இருக்கும். ஆனால் செக்ரோலில் வேலை செய்கிறவர் பெயர் மட்டுந்தான். ஓய்வு பெற்ற தாத்தா, கொழும்பில் கடையில் நிற்கும் மகன், தீபாவளிக்கு வந்து தங்கிய மகள், வேலையை விட்டு வெளியே போகிறவர் யாரும் அதில் இல்லை. முதல் நாளில் முந்நூறு என்றும் கடைசியில் 37 என்றும் கணக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பெயரில்லாதவருக்கு நிவாரணமும் இல்லை.

இரண்டாவது, உடல் கிடைக்காத மரணம். உடல் கிடைத்தால் மரண விசாரணை நடந்து மரணச் சான்றிதழ் கிடைக்கும். மண்ணுக்குள்ளேயே போனவருக்குச் சான்றிதழ் எடுப்பது இலேசான காரியம் அல்ல. அந்தச் சான்றிதழ் இல்லாமல் சேமலாப நிதியும், நம்பிக்கை நிதியும், காப்புறுதியும், வங்கிப் பணமும் எடுக்க முடியாது. துக்கம் காக்க வேண்டிய நாட்களில் ஒபிஸ் ஒபிஸாக அலைகிற நிலை வருகிறது.

மூன்றாவது, காம்பிரா யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. காணி அரசாங்கத்துக்கு, நிர்வாகம் கம்பெனிக்கு, குடியிருப்பது நாம். வீடு இடிந்தால் "வீட்டுச் சொந்தக்காரர்" என்ற கட்டத்தில் யார் கையெழுத்து வைப்பது? உறுதிப் பத்திரம் உள்ள கிராமத்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு. புதிய வீடு கட்டவும் காணி வேண்டும், அந்தக் காணியைத் தோட்டத்தில் இருந்து விடுவிக்க வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தில் மாதங்கள் ஓடுகின்றன.

நான்காவது, யாருடைய பொறுப்பு என்பது. கிராமத்தில் பாதை இடிந்தால் பிரதேச சபை வரும். தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்க 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறினாலும் பழக்கம் உடனே மாறுவதில்லை. "அது தோட்டத்து வேலை" என்று சபையும், "அது அரசாங்க வேலை" என்று தோட்டமும் சொன்னால், இடையில் நிற்பது நாம்தான்.

ஐந்தாவது, மொழி. எச்சரிக்கைக் கடிதமும், இழப்பீட்டுப் படிவமும், கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தரின் கேள்வியும் சிங்களத்தில் மட்டும் இருந்தால், விளங்கியது பாதி, விளங்காதது பாதி. தமிழும் அரசகரும மொழி. தமிழில் படிவம் கேட்பது நம் உரிமை, சலுகை அல்ல.

ஆறாவது, பத்திரங்கள். 1948இல் குடியுரிமை பறிபோன நாளில் இருந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் காத்திருந்த சமூகம் நம்முடையது. அப்படிக் கஷ்டப்பட்டு எடுத்த அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஒரே காலையில் சேற்றோடு போய்விட்டால், மறுபடி எடுக்கும் வரை எந்த வரிசையிலும் நம் முறை வராது.

முகாமில் இரண்டு வருடம்

மீரியபெத்தை மக்கள் முதலில் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கினார்கள். பாடசாலையை எத்தனை நாளைக்கு மூடி வைப்பது? பிறகு பல குடும்பங்கள் மக்கல்தெனியவில் பூட்டிக் கிடந்த தேயிலை ஸ்டோருக்குப் போயின. பலகையாலும் துணியாலும் மறைத்துக்கொண்டு, சமையலுக்கும் குளியலுக்கும் பொது இடத்தில் வரிசையில் நின்று, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே வாழ்ந்தார்கள். சில மாதங்கள் என்று சொன்னது ஏறக்குறைய இரண்டு வருடமானது. 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

வீடு கிடைத்தது நல்ல காரியம். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் இருந்து சாதாரண தரப் பரீட்சைக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளை எந்த மூலையில் இருந்து படித்தது என்பதையும் நிவாரணக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்கும் வந்தது

"அது ஊவாப் பக்கம், நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண் சரிந்து உயிர்கள் போயின. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் ஒரு மலையே இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் லயமும் மண்ணுக்குள் போனது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே மிக மோசமாக அடிபட்டன. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. ரோடுகள் மூடின. கரண்டும் இல்லை, போனும் இல்லை. பக்கத்து டிவிசனில் என்ன நடந்தது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். வீடிழந்தவர்களுக்கு நட்ட ஈடு என்று அரசாங்கம் அறிவித்ததும் லயங்களில் எழுந்த கேள்வி பழைய கேள்விதான்: "காம்பிராவுக்கும் கிடைக்குமா?" மீரியபெத்தையில் கேட்ட கேள்வியை பதினொரு வருடம் கழித்தும் கேட்க வேண்டியிருந்தது.

நாம் செய்யக்கூடியவை

மலையை நாம் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் உயிரைக் காப்பாற்றவும், பிறகு அலையாமல் இருக்கவும் சிலவற்றைச் செய்யலாம்.

மழையை அளந்து பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம் பெய்து மழை தொடர்ந்தால் கவனம். 100 மில்லிமீற்றர், அதாவது 4 அங்குலம் என்றால் புறப்படத் தயாராக வேண்டும். நாளொன்றுக்கு 150 மில்லிமீற்றர், அதாவது 6 அங்குலம், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். இவைதான் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள். தோட்ட ஒபிஸில் மழை அளக்கும் கருவி இருந்தால், அந்தக் கணக்கை ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் லயத்துக்குச் சொல்ல ஒருவரை ஒழுங்கு செய்யச் சொல்லி துரையிடம் கேளுங்கள். கருவி இல்லையா? அடியும் வாயும் ஒரே அகலமான நேரான டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்தால் போதும்.

அடையாளங்களைக் கவனியுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, மரமும் போஸ்டும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, வந்த ஊற்று நிற்பது, பீலித் தண்ணீர் கலங்கி வருவது, ஓடை மழையிலும் வற்றுவது, இவற்றில் எது கண்டாலும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட ஒபிஸுக்கும் சொல்லிவிட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். "நாளைக்குப் பாப்போம்" என்ற பேச்சு இங்கே உதவாது.

இரவில் எழுப்ப ஒரு வழி வையுங்கள். போன் வேலை செய்யாத இரவில் கோவில் மணியும் தப்பும் வேலை செய்யும். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு எழுப்பியது தப்புதான். மணி விடாமல் அடித்தால் எங்கே போவது, வயதானவர்களையும் கைப்பிள்ளைக்காரரையும் யார் கூட்டிப் போவது என்று கமிட்டியில் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

லயப் பதிவு எழுதுங்கள். ஒரு கொப்பி போதும். காம்பிரா இலக்கம், இருப்பவர் எல்லோருடைய பெயர், வயது, வெளியூரில் இருப்பவர் பெயர். ஒரு பிரதி தலைவரிடம், ஒன்று தோட்ட ஒபிஸில், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று பாடசாலையில். எல்லாம் ஒரே லயத்தில் இருந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள்.

பத்திரப் பை வையுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை இவற்றை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, கையெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். போட்டோப் பிரதி ஒன்றை வேறு ஊர் உறவினரிடம் கொடுங்கள். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளர் பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்றும் ஒரு தடவை பாருங்கள். கலியாணத்துக்கு முன் கொடுத்த பெயர் இன்னும் அப்படியே கிடக்கும்.

எழுத்தில் கேளுங்கள். உங்கள் லயம் ஆபத்தான இடத்தில் இருக்கிறதா என்று பரிசோதிக்கும்படி பிரதேச செயலாளர் ஊடாக எழுத்தில் கேளுங்கள். அறிக்கை வந்தால் பிரதி வாங்கி வையுங்கள். அனர்த்தம் நடந்தால் கிராம உத்தியோகத்தரின் சேத அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, "இந்தக் காம்பிராவில் குடியிருந்தார்" என்ற தோட்டக் கடிதம் மூன்றையும் முதல் வாரத்திலேயே கேளுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். எழுத்தில் உள்ளதுதான் நாளைக்குப் பேசும்.

முடிவாக

இவையெல்லாம் நாம் செய்யக்கூடியவை. ஆனால் கொப்பியும் பத்திரப் பையும் மட்டும் மலையைத் தடுக்காது. ஆபத்தான லயத்தில் இருப்பவருக்கு ஆபத்தில்லாத காணி, அந்தக் காணிக்கு உறுதி, அதில் தனி வீடு, இதுதான் நிரந்தரத் தீர்வு. இந்திய உதவித் திட்டத்திலும் அரசாங்கத் திட்டங்களிலும் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. புதிய வீட்டுப் பட்டியல் எழுதும்போது, யாருக்கு யாரைத் தெரியும் என்று பார்க்காமல், யாருடைய லயம் முதலில் சரியும் என்று பார்த்து எழுத வேண்டும். தலைவர்மாரும் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் இதில் ஒரே பேச்சாக நிற்க வேண்டும்.

மீரியபெத்தை மக்களுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்பே கடிதம் வந்தது, காணி வரவில்லை. அடுத்த மழைக்கு முன் உங்கள் டிவிசன் கமிட்டியைக் கூட்டுங்கள். கடிதம் வந்திருக்கிறதா என்று ஒபிஸில் கேளுங்கள். வந்திருந்தால், "நாங்க எங்க போறது?" என்ற கேள்வியை எழுத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, பிரதேச செயலாளரிடம் கையளித்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்கி வாருங்கள்.